வீரமோ, அஞ்சாமையோ?

ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குச் சொற்களைக் கொண்டு செல்வோர் நெடுவழி செல்லும் வணிகரைப் போல்வர். வழியிற் சிறிது சரக்குச் சிந்துவது இயல்பே. ஆயினும், சிந்தியது பதரோ மணியோ என்று நின்று பார்த்தல் வேண்டும். நம் கலாசாலை மாணவர் சிலரிடம் 'இன்டிரெபிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் காட்டித் தமிழிற் பொருள் கேட்டால், 'வீரமுள்ள' என்பார் பலர். 'தைரியமான' என்பார் சிலர். 'துணிச்சலான' என்பார் மற்றுஞ் சிலர். இம்மூன்றையும் பிழையென்று அடித்துவிட எந்த ஆசிரியரும் துணியார். ஆயினும், இம்மூன்றிலும் அச்சொல்லின் உயிர்நிலை நழுவிப் போகின்றது என்பது நம் கருத்து. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லின் பொருளைப் பற்றி இத்துணை வழக்காட வேண்டுமோ என்று வினவுவார் உளர். வேண்டும் என்றே சொல்லுவோம். ஒரு சமுதாயம் எக்குணத்தை எப்பெயரிட்டுப் புகழ்கின்றதோ, அக்குணத்தையே அதன் இளைஞர் நாடுவர். பெயர் தவறினால் நாட்டமும் தவறும். வீரம் என்று சொல்லிக் கொடுத்தால் பகைவன் எங்கே என்று தேடுவர். அஞ்சாமை என்று சொல்லிக் கொடுத்தால் தம் நெஞ்சிலுள்ள நடுக்கம் எங்கே என்று தேடுவர். இரண்டு தேட்டமும் ஒன்றாகா.

முதற்கண் அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். 'இன்டிரெபிட்' ஆங்கில மண்ணிற் பிறந்ததன்று. இலத்தீன் மொழியில் 'டிரெபிடுஸ்' என்பது பதறுகின்ற, கலங்குகின்ற, நடுங்குகின்ற என்னும் பொருளது. அதன் முன்னே 'இன்' என்னும் எதிர்மறை ஒட்டுச் சேர்ந்து 'இன்டிரெபிடுஸ்' ஆயிற்று. பதறாத, கலங்காத, நடுங்காத என்பதே அதன் நேர்ப்பொருள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கில எழுத்தில் இடம்பெறலாயிற்று. நடுக்கம் என்னும் பொருளுடைய 'டிரெபிடேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இவ்வேரிற் கிளைத்ததே. இதில் ஒரு வியப்பும் உண்டு. 'நடுங்குகின்ற' என்னும் உடன்பாட்டுச் சொல்லாகிய 'டிரெபிட்' ஆங்கிலத்தில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. அதனை மறுத்துப் பிறந்த சொல்லோ இன்றும் வாழ்கின்றது. தாய் மறைய மகள் நின்றாள் என்னலாம்.

இச்சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். இதில் வாளில்லை; வெற்றியில்லை; எதிரியுமில்லை. ஒருவன் என் செய்தான் என்பதை இச்சொல் கூறவில்லை. இடர் வந்துற்றபோது அவன் உள்ளம் எந்நிலையில் நின்றது என்பதையே கூறுகின்றது.

இனி, இதன் அயற்சொற்கள் சிலவற்றையும் பார்த்தல் நலம். 'போல்ட்' என்பது பழைய செருமானியக் குடும்பத்துச் சொல். அம்மக்கள் தம் பிள்ளைகளின் பெயரிலும் அதனைச் சேர்த்தனர். லியோபோல்ட் என்னும் பெயரின் ஈற்றிலும், பால்ட்வின் என்னும் பெயரின் முதலிலும் நிற்பது அச்சொல்லே. 'கரேஜ்' என்பதன் அடியில் இருப்பது இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்னும் இலத்தீன் சொல்; நம்மவர் நெஞ்சுரம் என்றது போன்றதே அது. 'அடேஷியஸ்' என்பது துணிந்து புகுதல் என்னும் பொருளுள்ள வினையினின்று வந்தது. இதற்கு இரண்டு முகம் உண்டு. ஒருகாற் புகழ்ச்சியாகவும், ஒருகால் 'என்ன துடுக்கு!' என்னும் வசையாகவும் இது வழங்குகின்றது.

'அன்டான்டெட்' என்று இன்னொரு சொல் உண்டு. இது பழக்குதல், அடக்குதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிற் பிறந்து, எதிர்மறை ஒட்டுச் சேர்ந்தது. ஆகவே, பழக்கி அடக்கப்படாத என்பது இதன் அடிப்பொருளாம். இதனை விளக்கக் கொங்குநாட்டவர்க்கு அகராதி வேண்டுவதில்லை. அந்தியூரை அடுத்துள்ள பர்கூர் மலையில் செந்நிறத்தில் வெண்திட்டுக்கள் படிந்த மாடுகள் காட்டிலே மேய்ந்து வளர்கின்றன. அவை எளிதில் மனிதன் கைக்கு வாரா. நுகத்தைக் கண்டால் மருளும், முரண்டு செய்யும். அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையிற் கயிறு பிடித்துப் பழகிய நம் உழவர்க்கு, அடங்காமை என்பது யாது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயின், நடுங்காமை அதனின் வேறு. நுகத்துக்கு அடங்கிய காங்கயங் காளையும், பள்ளமான வண்டித்தடத்திற் பாரம் சரியும்போது பதறாமற் காலூன்றி நிற்கக் காண்கின்றோம். அடங்காமை வேறு, பதறாமை வேறு என்பதற்கு இவ்விரு மாடுகளே சான்று.

நிற்க. தமிழில் நம்மிடமுள்ள சொற்செல்வத்தை இனி நோக்குவோம். 'துணிவு' என்பது துணித்தல், அதாவது அறுத்தல் என்னும் வினையோடு உறவுடையது. சென்னிமலைத் தறியில் நெய்து அறுத்தெடுப்பதும் துணி. ஐயங்களை அறுத்துவிட்டு ஒன்றில் நிற்பதும் துணிவு. ஆங்கிலத்தில் முடிவு செய்தலைக் குறிக்கும் 'டிசைட்' என்னும் சொல்லும் இலத்தீனில் அறுத்தெறிதல் என்னும் பொருளுடைய வினையினின்றே வந்தது. கடல் கடந்த இரு மக்கள் ஒரே கத்தியைக் கண்டு ஒரே உவமை கொண்டனர் போலும்! ஆகவே துணிவு என்பது முடிவைக் குறிக்கின்றது; முடிவு செய்தபின் கை நடுங்கிற்றா, இல்லையா என்பதை அது சொல்லவில்லை.

'தைரியம்' வடசொல். 'தீர' என்பதினின்று வந்தது. நிலைபெற்ற, அசையாத என்பது அதன் பொருள். அச்சொல்லுக்கு அறிவுடையோன் என்னும் பொருளும் வடமொழியில் உண்டு. இதன் பழம்பொருளை நோக்கின், 'இன்டிரெபிட்' என்பதற்கு இது மிகவும் அண்மையிலுள்ளது. ஆனால் இன்றைய வழக்கிலோ, தேர்வுக்குப் படியாமற் செல்வதும் தைரியம், தலைக்கவசமின்றி வண்டியோட்டுவதும் தைரியம் என்றாகி, அச்சொல் பெரிதும் தேய்ந்துவிட்டது. 'மறம்' போர்க்களத்தை விட்டு வெளிவர மறுக்கின்றது. 'வீரம்' அதன் உடன்பிறப்பு.

'தறுகண்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்துப் பெருமிதம் என்பதற்கு நான்கு நிலைக்களங்களைக் காட்டுகின்றார். கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு தறுகண்ணும் அங்கே எண்ணப்படுகின்றது. அஞ்சாமையைக் கல்விக்கும் கொடைக்கும் நடுவே வைத்து எண்ணிய மனப்பாங்கு நம் உளங்கொள்ளத் தக்கது. அது தனித்து நின்று பெருமை தருவதன்று. கற்றலும் கொடுத்தலும் அறிந்தவரிடத்தே அழகு பெறுவது.

இறுதியாக நிற்பது 'அஞ்சாமை'. ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் மறுப்பிற் பிறந்தது. அஞ்சு என்னும் வினையடியும், ஆ என்னும் எதிர்மறை இடைநிலையும், மை என்னும் ஈறும் சேர்ந்தமைந்தது. வள்ளுவர் வேந்தனுக்குரிய குணங்களாக நான்கை எண்ணியவிடத்து இதனையே முதலில் வைத்தார். 'அவை அஞ்சாமை' என ஓர் அதிகாரமும் வகுத்தார். வாட்போரில் அஞ்சாதார் பலர் சொற்போரில் அஞ்சுவர் என்று கண்டவர் அவர். சபையின் முன் நாவெழாதவனுக்குக் கற்ற நூலாற் பயனில்லை என்பது அவர் தீர்ப்பு. கலாசாலையிற் பயில்வார்க்கு இதைவிட நேரான அறிவுரை வேறெங்கே கிடைக்கும்?

எதிர்மறைச் சொல் வலியற்றது அன்றோ, இல்லாமையைக் கூறுஞ் சொல் எங்ஙனம் ஒரு பெருங்குணத்தைக் குறிக்கும் என்று சிலர் ஐயுறலாம். தமிழுக்கு இவ்வையம் பொருந்தாது. 1856-ஆம் ஆண்டிற் கால்டுவெல் ஐயர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளின் எதிர்மறை வினையைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். 'இல்லை', 'அல்ல' என ஒரு தனிச்சொல்லை வெளியே ஒட்டாமல், வினையின் உடம்புக்குள்ளேயே மறுப்பை அடக்கிவைக்கும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. 'அஞ்சேன்' என்பது ஒரே சொல். அதனை ஆங்கிலத்திற் சொல்ல நான்கு சொற்களேனும் வேண்டும். அதில் அச்சமும் உண்டு. அதனை வென்ற நெஞ்சமும் உண்டு. 'யான்' என்று பொறுப்பேற்கும் தன்மை விகுதியும் உண்டு. மருந்து என்பது நோயை நினைவூட்டும் பெயராயினும், அதனாற் குறையுடையதாகாது. கொல்லாமை, பொய்யாமை, அழுக்காறாமை என்று நம் அறங்களிற் பலவும் மறுப்பின் வடிவிலேயே நிற்கின்றன. செய்யாதிருத்தலும் ஒரு செயலே என்பதை அறிந்த மொழி நம்முடையது.

இங்கே ஒரு தடையையும் நீக்குதல் வேண்டும். அஞ்சாமை என்றால் அச்சமே அறியாமை என்று கொள்ளுதல் ஆகாது. தீயைக் கண்டு அஞ்சாத குழவியை நாம் வீரன் என்று புகழ்வதில்லை, ஓடிச்சென்று தூக்கிவிடுகின்றோம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்பது குறளாசிரியர்க்கும் உடன்பாடே. இடரை அறிந்து, அளந்து, அதன்பின்னும் நெஞ்சு பதறாமல் நிற்றலே இச்சொல்லின் பொருள். இலத்தீன் சொல்லும் 'அச்சமற்ற' என்று கூறாமல் 'நடுங்காத' என்றே கூறுகின்றது. அச்சம் அறிவின் பாற்பட்டதாகவும் இருக்கலாம். நடுக்கமோ அறிவைக் கெடுப்பது.

இவ்வேறுபாட்டை விளக்க விண்வெளியினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1969-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 12-இன் இறங்குகலத்துக்கு 'இன்டிரெபிட்' என்றே பெயர். நவம்பர் 14-ஆம் நாள் அது ஏவப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் மின்னல் இருமுறை தாக்கிற்று. தரைக்கு வந்துகொண்டிருந்த அளவைக் குறிப்புக்களெல்லாம் பொருளற்றுக் குழம்பின. அப்போது கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்த ஜான் ஆரன் என்னும் இளம்பொறியாளர், முன்பொரு சோதனையின்போது இத்தகைய குழப்பத்தைக் கண்டதை நினைவுகூர்ந்தார். பலரும் அறியாத ஒரு சுவிட்சை மாற்றும்படி சொன்னார். கலத்திலிருந்த ஆலன் பீனுக்கு அச்சுவிட்சு எங்குள்ளது என்பது தெரிந்திருந்தது. மாற்றினார், குறிப்புக்கள் மீண்டன, பயணமும் தொடர்ந்தது. ஐந்து நாட்கள் கழித்து அக்கலம் நிலவிற் 'புயற்கடல்' என்று பெயர்பெற்ற சமவெளியில் இறங்கிற்று. இந்நிகழ்ச்சியில் யாரும் யாரையும் வென்றாரில்லை, உரக்கக் கூவினாருமில்லை. கற்றதனைக் கற்றபடி பயன்படுத்தும் அளவுக்கு நெஞ்சு பதறாமல் இருந்தது, அவ்வளவே. தொல்காப்பியர் கல்வியையும் தறுகண்மையையும் ஒருங்கு வைத்ததன் பொருத்தம் இங்கே புலனாகின்றது.

விண்ணினின்று இறங்கி நம் கொங்குமண்டலத்துக்கு வருவோம். இச்சொல்லின் பொருளுக்கு இம்மண்ணிலேயே மூன்று சான்றுகள் உள. மூன்றும் ஒரே தரத்தன அல்ல. அவ்வேற்றுமையே நமக்கு வேண்டுவது.

முதலாவது தீரன் சின்னமலை. காங்கயத்துக்கு அண்மையிலுள்ள மேலப்பாளையத்தில் 1756-ஆம் ஆண்டிற் பிறந்த தீர்த்தகிரி என்பாரே அவர். ஓடாநிலையிற் கோட்டை அமைத்துக் கும்பினியாரின் படையை எதிர்த்தார். 1805-ஆம் ஆண்டு சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். மக்கள் அவர் பெயர்க்கு முன் 'வீரன்' என்னாது 'தீரன்' என்னும் அடையைச் சேர்த்தே வழங்குகின்றனர். அசையாதவன் என்னும் அப்பழம்பொருளை எண்ணிப் பார்க்கும்போது, போரிட்ட நாட்களைக் காட்டிலும் தூக்குமரத்தின் முன் நின்ற நாளுக்கே அப்பெயர் பொருந்துவதாக நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும், அவர் கையில் வாள் இருந்தது. அவர்க்குப் பின்னே படை இருந்தது. வீரம் என்று சொன்னாலும் அவர் திறத்திற் பிழையாகாது.

இரண்டாவது திருப்பூர்க் குமரன். 1904-ஆம் ஆண்டு சென்னிமலையில் நெசவுக் குடியிற் பிறந்தவர். 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் திருப்பூர் வீதியிற் கொடியேந்தி ஊர்வலம் சென்றபோது காவலரின் தடியடியால் மண்டை உடைந்து வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். கைக்கொடியை விடாமையே அவர்க்குக் 'கொடிகாத்த' என்னும் அடைமொழியை ஈட்டிற்று. அவர் யாரையும் அடித்தாரில்லை. அடிக்கும் எண்ணமும் அவர்க்கில்லை. போர்க்களத்தை அளவுகோலாகக் கொண்ட 'வீரம்' என்னும் சொல் இங்கே சிறிது தடுமாறுகின்றது. நடுங்காமை என்னும் சொல்லோ, அளந்து தைத்த சட்டை போல் அமைகின்றது.

மூன்றாவது சான்று கோபிசெட்டிபாளையத்து வீதிகளிலேயே நடந்தது. 1917-ஆம் ஆண்டு இவ்வூரிற் செல்வக் குடியொன்றிற் பிறந்து, 2011-ஆம் ஆண்டு மறைந்த திரு. ஜி. எஸ். இலட்சுமண ஐயர் விடுதலைப் போராட்டத்திற் சிறை புகுந்தவர். அதனால் மட்டும் அவரை ஈண்டு நினைக்கின்றோமல்லோம். சிறை புகுந்தார் நாடெங்கும் பலர். ஊரும் உறவும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியவர்களைத் தம்மவராக அவர் கொண்டார். அதன் பயனாகத் தம் சுற்றத்தாராலேயே விலக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தினார். குடும்பச் செல்வம் இத்தகைய காரியங்களிலே கரைந்தது. 1980-களின் பிற்பகுதியில் மீண்டும் இவ்வூர் நகரசபையின் தலைமை ஏற்றிருந்தபோது, மனிதர் மலத்தை மனிதர் சுமக்கும் இழிவை ஊரைவிட்டு நீக்க முனைந்து, உலர் கழிப்பிடங்களை ஒழிக்கும் பணியை மேற்கொண்டார். இவ்விழிவைத் தடைசெய்து இந்தியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 1993-ஆம் ஆண்டில் என்பதை நினைவிற்கொண்டால், அவர் செயலின் முன்மை விளங்கும்.

இம்மூவரையும் ஒருங்கு வைத்து எண்ணுக. சின்னமலையின் எதிரி கடல் கடந்து வந்த கும்பினி. குமரனின் எதிரில் நின்றது அந்நிய அரசின் தடி. இலட்சுமண ஐயர் எதிரிற் கண்டதோ, தம் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டோம் என்று முகந்திருப்பிய உறவினரின் முதுகு. முதல் இருவர்க்கும் ஊர் துணைநின்றது. மூன்றாமவர்க்கோ ஊரே தடையாயிற்று. பகைவன் முன் நடுங்காதார் உலகிற் பலர். தம் பந்தியில் இலை போடமாட்டார்களே, தம் பிள்ளைக்குப் பெண் கொடுக்கமாட்டார்களே என்னும் எண்ணம் எழும்போது நடுங்காதார் மிகச் சிலர். தடியடியின் நோவு ஒரு நாளில் முடியும். உறவின் புறக்கணிப்பு ஆண்டாண்டாய் நீளும். 'இன்டிரெபிட்' என்னும் சொல்லுக்குக் கொங்குநாட்டிற் பொருள் காட்டுக என்று நம்மைக் கேட்டால், மூன்றாம் சான்றையே முதலிற் காட்டுவோம்.

முதலிருவரைக் குறைத்து மதிப்பிடுவதாக இதனை யாரும் கொள்ளற்க. உயிரைக் கொடுத்தாரை அளக்க நமக்குக் கோல் ஏது? நாம் அளப்பது சொல்லையேயன்றி ஆளையன்று. நம் மாணவரிற் பெரும்பாலோர்க்குத் தூக்குமரமும் தடியடியும் வாழ்நாளில் எதிர்ப்படா. மூன்றாம் வகைச் சோதனையோ அவர் ஒவ்வொருவர்க்கும் உறுதியாக வரும். வருமுன்னரே அதற்கு ஒரு பெயர் தெரிந்திருத்தல் நலமன்றோ?

அச்சோதனை எங்ஙனம் வரும்? ஆரவாரமின்றி வரும். விடுதியிற் புதிதாய்ச் சேர்ந்த மாணவனைப் பலர் சூழ்ந்து இழிவு செய்து சிரிக்கும்போது, தானும் உடன் சிரிப்பதா, வேண்டாம் என்று சொல்வதா என்னும் வினாவாக வரும். இக்கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. ஆயினும், நள்ளிரவில் விடுதி அறையில் சட்டம் வந்து நிற்காது. ஒரு நண்பனின் நடுங்காத குரலே நிற்க வேண்டும். தேநீர்க் கடையிற் சிலர்க்கு மட்டும் தனிக்குவளை நீட்டப்படும் ஊர்கள் உண்டெனின், தன் ஊரில் அதனைக் கண்டவன் தன் மாமன் முன்னே வாய்திறப்பானா என்னும் வினாவாக வரும். மணப்பேச்சில் நகையின் எடை பேசப்படும்போது, மணமகன் தலைகுனிந்திருப்பானா, நிமிர்ந்து மறுப்பானா என்னும் வினாவாக வரும். இங்கெல்லாம் வாளுக்கு வேலையில்லை. வீரமென்று முழங்குவார்க்கு ஒலிபெருக்கியும் இல்லை.

நம் அன்றாடப் பேச்சிலுள்ள ஒரு முறைகேட்டையும் சொல்லாது விடுதற்கில்லை. மகன் இரவிலே தனியே ஊர் சென்று திரும்பினால், 'எவ்வளவு தைரியம்!' என்று தாய் மகிழ்கின்றாள். மகள் பட்டணத்துக்குத் தனியே படிக்கச் செல்ல விரும்பினால், அதே வாய், 'அவளுக்கு எவ்வளவு தைரியம்!' என்று கடிகின்றது. சொல் ஒன்றே, ஒருவர்க்கு மாலையாகவும் ஒருவர்க்குக் கோலாகவும் அது ஆகின்றது. 'அடேஷியஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகம் என்றோம். நம்மிடையே தைரியமும் துணிச்சலும் அங்ஙனமே பால்நோக்கி முகம் மாறுகின்றன. அஞ்சாமை என்னும் சொல்லை வைத்து நோக்கின் இம்முறைகேடு நாணி ஒதுங்கும். 'அவள் அஞ்சவில்லை' என்பதை யாரும் எளிதில் வசையாகக் கூறவியலாது. கூறுவாராயின், அவள் அஞ்ச வேண்டுமென்பதே தம் விருப்பம் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவராவர்.

ஆகவே, மொழிபெயர்ப்பைப் பற்றி நம் முடிபு இது. 'போல்ட்' என்பதற்குத் துணிவுடைய என்றும், 'அடேஷியஸ்' என்பதற்கு இடம்நோக்கித் துணிச்சலான என்றோ துடுக்கான என்றோ, 'அன்டான்டெட்' என்பதற்கு அடங்காத, தளராத என்றும் கூறுக. 'இன்டிரெபிட்' என்பதற்கு அஞ்சாத, நடுங்காத, கலங்காத என்னும் எதிர்மறைச் சொற்களையே ஆளுக. ஆங்கிலச் சொல்லின் எலும்பும் தமிழ்ச் சொல்லின் எலும்பும் இத்துணை ஒத்திருப்பது அரிது. அங்ஙனம் ஒத்து நிற்கும் சொல் கையிலிருக்க, வாளேந்திய வேறொரு சொல்லைக் கடன்வாங்குவானேன்?

இன்னும் ஒரு சொல் மிச்சம். வடமொழியிற் 'பயம்' என்பதன் முன் எதிர்மறையாகிய அகரம் சேர்ந்து 'அபயம்' என்றாயிற்று. அதுவும் அச்சமின்மை என்றே பொருள்படும். பிறப்பால் அது 'இன்டிரெபிட்' என்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது. ஆயினும், தமிழ் வழக்கில் அச்சொல் புகலிடம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. 'அபயம்' என்று வந்தானை வாயிலடைத்துத் துரத்துதல் நம் மரபன்று. தன் அச்சமின்மையைக் குறித்த சொல், பிறர் அச்சத்தை நீக்கும் இடத்தைக் குறிப்பதாக வளர்ந்தது. சொற்கள் மனிதரைக் காட்டிலும் சிலவேளை விரைவிற் பக்குவமடைகின்றன.

நடுங்காமையின் பயன் இதுவே என்று நாம் கொள்கின்றோம். ஒருவன் நடுங்காதிருப்பது தன்னைப் பிறர் வியக்க வேண்டும் என்பதற்கன்று. தன் பக்கத்தில் நிற்பவனும் நடுக்கம் தீர வேண்டும் என்பதற்கே. இவ்வூர் விடுதியில் உண்டு படித்து வெளியேறிய பிள்ளைகள் அங்கே சோற்றோடு பெற்றது அபயமே. கலாசாலையை விட்டு இவ்வாண்டு வெளியேறும் நண்பர்களும், முன்னரே வெளியேறி உலகில் நிலைபெற்ற பழைய மாணவர்களும், தத்தம் இடத்தில் ஒருவர்க்கேனும் அச்சத்தைத் தீர்ப்பாராயின், அவ்வாங்கிலச் சொல்லுக்கு அகராதியிலில்லாத ஒரு தமிழ்ப்பொருள் கிடைத்ததாகும். அப்பொருளை எழுத மைவேண்டா. நடுங்காத ஒரு நாவும், நீட்டிய ஒரு கையும் போதும்.